செருப்பு டப்பாவில் வள்ளி திருமணம்

நான் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் டீச்சர் எல்லோரையும் வரிசையாக எழுப்பி, "பெரியவங்களாகி என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டார். டாக்டர், டாக்டர், கலெக்டர், போலீஸ், மறுபடியும் டாக்டர் என்று போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்தது. எழுந்து நின்று, "ஸ்திரீபார்ட்" என்றேன்.

வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்த பாதிப் பேர் சிரித்தார்கள். டீச்சருக்குப் புரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சாயங்காலம் அம்மா கூப்பிட வந்தபோது தனியாக அழைத்து ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. "அந்தப் பேச்ச இனிமே எடுக்காத" என்று மட்டும் சொன்னார். இரண்டு அடி வைத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

நகரத்துக்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். திருவிழா என்றால் கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க நாடகம் உண்டு. அதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட். அப்புறம் பபூன், டான்ஸ். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம் என்று ஒரு கூட்டம் மேடையிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும்.

'ஸ்பெஷல்' என்ற பெயருக்குக் காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. இதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். தனித்தனியாகப் பேசித் தனித்தனியாக வரவழைப்பார்கள். ஒத்திகையே கிடையாது. சில சமயம் முதல் தடவையாக அன்று ராத்திரி மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள். பார்த்த கையோடு விடிய விடியக் காதலிப்பார்கள், சண்டை போடுவார்கள், கல்யாணமும் செய்துகொள்வார்கள்! இது எப்படி முடிகிறது என்றால், எல்லோருக்கும் ஒரே பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை ஊர்களில் நாடக நடிகர்களுக்கென்று சங்கங்களே இருக்கின்றன.

சுவாமிகளுக்கும் எங்கள் புதுக்கோட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் இசை கற்றிருக்கிறார். அதே மாதிரி 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்து, சின்னப் பையனாக பாய்ஸ் கம்பெனியில் நடித்து, 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டவர் பி.யு.சின்னப்பா. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நாலாவது வகுப்பில் எனக்கு இது ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் டீச்சரிடம் எடுத்துவிட்டிருப்பேன்.

என்னை நாடகத்துக்குக் கூட்டிப்போனது அப்பாயி. (அப்பாவின் அம்மா. எங்கள் பக்கம் அப்பாயியை 'வந்துச்சு, போச்சு' என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. இனி அப்படித்தான் எழுதப்போகிறேன்.) நாடக நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் மாதிரி ஆகிவிடும். வட்ட வட்டமாகப் போட்டோக்கள், கீழே பெயர், ஊர், பட்டம். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்ல வேண்டும். "இந்த ராஜபார்ட் போன தடவ தொண்ட கட்டி வந்து நின்னானே, அவனா?" என்று கேட்டுக்கொள்ளும்.

எட்டு மணிக்கே சாக்கை விரித்து இடம் பிடித்துவிடுவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பபூன் வந்து போவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். "வள்ளி வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டு அப்பாயி மடியில் படுத்துவிடுவேன். அப்பாயி எழுப்பத் தவறியதே இல்லை. கண்ணைத் திறந்தால் எதிரே பச்சைக் காடு. விளக்கு வெளிச்சத்தில் சம்கி மின்ன ஒரு அம்மா பரண் மேலே நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டிக்கொண்டிருப்பார். ஊர்க் கோடியில் கிடக்கும் கருவேலங்காடு பகலில் எனக்குப் பழக்கம்தான். ஆனால் துணியில் வரைந்த அந்தக் காடுதான் நிஜமான காடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது படிக்கும்போது பெரிய மனுஷி ஆனேன். அந்த வருஷத் திருவிழாவில் அம்மா, "இனிமே ராத்திரியில அங்க போய் உக்கார வேண்டாம்" என்றார். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சாக்கைச் சுருட்டிக்கொண்டு தனியாகப் போனது. நான் மொட்டைமாடியில் படுத்துக் குழாய் ஸ்பீக்கரில் வள்ளி திருமணம் கேட்டேன். காது கொடுத்துக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அழுதுகொண்டே கேட்டதால் பாதிதான் கேட்டது.

அதற்கப்புறம் எல்லாம் தானாக நின்றுபோனது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல். எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. மரம் விழுந்த வீட்டில் போய் யார் திருவிழா வரி கேட்பது? அடுத்த வருஷம் சாமிக்குப் பொங்கல் வைத்ததோடு சரி. 2020, 2021 இரண்டும் கொரோனாவில் போயின. பத்தாவது, பன்னிரண்டாவது, நீட் வகுப்பு (எனக்கும் டாக்டர் ஆசை வந்திருந்தது, தேறவில்லை)... இதற்கு நடுவே நாடகம் என்பது எனக்கே கொஞ்சம் பட்டிக்காட்டு விஷயமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நம்மிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டால், கொஞ்ச நாளில் அது நமக்கு வேண்டாததுதான் என்று நாமே சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருக்கிறது.

கல்லூரிக்குத் திருச்சி வந்தேன். அங்கே 'தியேட்டர் கிளப்' என்று ஒன்று. ஆங்கில நாடகம்தான் போடுவார்கள். ஆசைப்பட்டு முதல் கூட்டத்துக்குப் போனேன். ஒரு சீனியர் அக்கா அன்பாகத்தான் கேட்டார், "இதுக்கு முன்னாடி தியேட்டர் பார்த்திருக்கியா?" என்று.

"இல்லக்கா" என்றேன்.

விடிய விடிய எத்தனை ராத்திரி! வள்ளியும் பவளக்கொடியும் மயான காண்டமும் பார்த்துத் தேம்பியிருக்கிறேன். வாய் கூசாமல் இல்லை என்று சொல்லிவிட்டேன். 'தியேட்டர்' என்று அவர் சொன்னதில் எங்கள் ஊர்க் கலையரங்கம் சேராது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நாலாவது வகுப்பில் நிமிர்ந்து நின்று சொன்ன பிள்ளை, பத்து வருஷத்தில் இப்படி ஆகியிருந்தாள்.

ஓரளவு படம் வரைவேன் என்பதால் என்னை மேடையமைப்பில் போட்டார்கள். ஒரு வீட்டுக் கூடம் வேண்டும், முதலில் அட்டையில் மாதிரி செய்து காட்டு என்றார்கள். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு செருப்பு டப்பா, போஸ்டர் கலர், பிரஷ் எல்லாம் எடுத்து வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து டப்பாவின் முன்பக்கத்தை வெட்டினேன். பின்சுவரில் ஜன்னல், சோபா, புத்தக அலமாரி வரைய வேண்டும். பென்சிலால் ஜன்னலுக்குக் கோடு போட்டேன். அதன் பக்கத்தில் ஒரு மரம் வந்தது. சரி, ஜன்னல் வழியாகத் தெரிகிற மரம் என்று விட்டேன். அதன் பக்கத்தில் இன்னொரு மரம். கொஞ்ச நேரத்தில் ஜன்னலையே காணோம். நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, தூரத்தில் நீல மலை, இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி வளைந்து நிற்கும் மரங்கள். கருவேலங்காடு இல்லை, அந்த இன்னொரு காடு.

அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தது. கண் அவ்வளவாகத் தெரியாது, முட்டி வலியில் நாடகத்துக்குப் போயும் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"காட்டு சீனா?" என்றது. "பரண் எங்கத்தா?"

கிளப் வேலை அன்றோடு போச்சு. (பின்னால் அவசர அவசரமாக ஒரு கூடம் செய்து கொடுத்தேன், சுமாராகத்தான் இருந்தது.) லீவு முழுக்க அந்த டப்பாதான். காட்டு சீன் மட்டும் போதாது. தெரு சீன், தர்பார் சீன் வேண்டும். சுருட்டி ஏற்றி இறக்க வேண்டும். ஈர்க்குச்சியில் காகிதத்தை ஒட்டி, நூல் கட்டி இழுத்தேன். இரண்டு தடவை சுருட்டியதும் போஸ்டர் கலர் பொரிந்து உதிர்ந்துவிட்டது. தண்ணீரை அதிகமாகக் கலந்தால் காகிதம் அப்பளம் மாதிரி நெளிகிறது. அப்பாயிதான், "சீனுன்னா துணியில்ல? யாரு காயிதத்துல எழுதுனா?" என்றது. தாத்தாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, சோற்றுக் கஞ்சி போட்டு, வெயிலில் விறைப்பாகக் காயவைத்துக் கொடுத்தது. கலரை மெல்லிசாகப் பூசினேன். சுருட்டினால் சுருண்டது, விரித்தால் விரிந்தது. அப்பாயிக்குப் பள்ளிக்கூடமே தெரியாது என்பதை இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன்.

தர்பார் சீன் வரைய மாதிரி தேடினேன். எங்கள் ஊருக்கு இப்போது வருவதெல்லாம் பிளக்ஸ் படுதாதான், அதைப் பார்த்து வரைய மனசு வரவில்லை. எதிர்ச் சுவரில் சாமி படக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. முருகனுக்குப் பின்னால் தூண்கள், வளைவுகள், தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகிற மண்டபம், ஓரத்தில் முடிச்சுப் போட்ட சிவப்புத் திரை. அட, இது நாடக சீனாச்சே என்று தோன்றியது. பிறகு தேடிப் படித்தபோது அது சும்மா தோன்றியதில்லை என்று தெரிந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) என்று ஒரு ஓவியர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரை வரைந்து, அப்புறம் நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிறவராகச் சேர்ந்தவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோ வைத்தார். அவரும் அவர் சிஷ்யர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. நாடகம் பார்க்காதே என்று சொல்கிற வீடுகளிலும் சுவரில் நாடக மேடைதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

டப்பாவுக்குள் ஆட்களை அட்டையில் வெட்டி நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் அப்பாயியிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஆர்மோனியக்காரரை ஒரு பக்கம் வைத்தேன், "அந்தப் பக்கமா உக்காருவாரு?" என்று தூக்கி மறுபக்கம் வைத்தது. நாரதருக்குக் கட்டை மறந்திருந்தேன். யானைக்குக் கால் நாலு வரைந்தேன், "நம்மூரு யானைக்குச் சாக்குக்குள்ள ரெண்டு ஆளு, எந்தக் காலு எங்க போவும்னு அதுக்கே தெரியாது" என்று சிரித்தது. பத்து ராத்திரி பார்த்தும் இதையெல்லாம் நான் பார்த்திருக்கவில்லை. வரையும்போதுதான் மேடையில் மைக் எத்தனை, வள்ளி எந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்றெல்லாம் கேள்வி வருகிறது.

வள்ளியிடம் வந்து மாட்டிக்கொண்டேன். எத்தனை தடவை வெட்டினாலும் கை சரியாக வரவில்லை. "வெறகுக் கட்ட மாதிரி இருக்கு" என்றது அப்பாயி. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர்தான். தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தச் சமணக் குகைக்கோயிலின் முன்தூண்களில், 9-ம் நூற்றாண்டு என்கிறார்கள், நடனப் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து, "ஒண்ணுமே தெரியல, அழிஞ்சு போச்சு" என்று தாமரைக் குளத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் ஐஸ் வாங்க ஓடியவள் நான். இந்தத் தடவை தூண் எதிரே நின்று நோட்டில் வரைந்தேன். பாதிக் கோடுகள் இல்லைதான். ஆனால் நீட்டிய கை தோளிலிருந்து எப்படிப் புறப்படுகிறது என்பது நன்றாகவே தெரிந்தது.

பெருமையாகக் கொண்டுவந்து காட்டினேன். அப்பாயி நோட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆடுற கையி. கவண் சுத்துற கையி இல்ல."

சொல்லிவிட்டு, கையை ஊன்றித் திண்ணையிலிருந்து எழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்தது. ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பைக் கொஞ்சம் திருப்பி, தலைக்கு மேலே துண்டை ஒரு சுற்று சுற்றி வீசியது. கூடவே தெருவுக்குக் கேட்கிற மாதிரி "ஆலோலம்" என்று ஒரு இழுப்பு. எதிர்வீட்டுக் கோழிகள் நிஜமாகவே ஓடின. அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷம் தனியாக, யாருக்கும் தெரியாமல், இந்தக் கையைப் பழகியிருக்கும் என்றும் தெரியவில்லை. கேட்கவில்லை.

நிலைப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மாவே பேச்சை எடுத்தார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் ஊருக்கு ஆட வந்த டான்ஸ் அக்காவைப் பற்றி. மேடையில் ரூபாய் நோட்டு குத்துகிறேன் என்று ஏறியவர்கள் நடந்துகொண்ட விதம். காலையில் முதல் பஸ்ஸுக்கு அந்த அக்கா முக்காடு போட்டுக்கொண்டு நின்றபோது, ராத்திரி கைதட்டிய அதே ஆட்கள் சொன்ன வார்த்தைகள். "நீ ஸ்திரீபார்ட்டுன்னு சொன்னியாம்னு டீச்சர் சொன்னப்ப எனக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிதான் வந்துச்சு" என்றார்.

அம்மா மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது அப்போதுதான். சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி 2005-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டிருக்கிறார். தமிழ் மேடையின் மேல் விழுந்த களங்கத்தைப் பற்றியதுதான் புத்தகமே. நடிகைகள் வழியில் யார் கண்ணிலும் படாமல் போய்வர என்னென்ன பாடுபடுகிறார்கள் என்று அதில் ஒரு பகுதி முழுக்க வருகிறது. அம்மா அதைப் படித்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் தப்பு அந்த அக்கா மேல் இல்லையே, அவரைப் பார்க்கப் போகாமல் என்னை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டப்பா பக்கத்தில் ஒரு பழைய சிவப்புப் பட்டு ரவிக்கைத் துணி மடித்து வைத்திருந்தது. முன்திரைக்கு அளவாகச் சரியாக இருந்தது.

போன வைகாசியில் எங்கள் ஊரில் வள்ளி திருமணம். நான் போனேன். அப்பாயியால் உட்கார முடியாது, அதனால் மொட்டைமாடிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். ஸ்பீக்கர் இருக்கிறதே. சித்தி மகளோடு சாக்கு விரித்தேன். தூங்கவில்லை, நோட்டில் வரைந்துகொண்டே இருந்தேன். பபூன் சொன்ன சில ஜோக்குகளுக்கு இப்போது அர்த்தம் புரிந்து முகம் சுளித்தேன், இரண்டு மூன்றுக்கு என்னை மீறிச் சிரித்தும்விட்டேன். வேடனும் வள்ளியும் ஆளுக்கு ஆள் தர்க்கம் பண்ணி முடிப்பதற்குள் மணி மூன்றரை.

நடுவில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். தகரக் கொட்டகை. ஸ்திரீபார்ட் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒப்பனை கலையாமல் உதட்டைக் குவித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்போனில் யாரிடமோ "பால எடுத்து ஃபிரிட்ஜுல வச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டினேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கவண் வீசும் படத்தில் நின்றார்.

"கையி நல்லா இருக்கே. யாரப் பாத்து வரைஞ்ச?"

"எங்க அப்பாயியப் பாத்து."

"நாடகத்துல இருந்தாங்களா?"

"இல்ல. பாக்குறவங்க."

இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். "மூக்குத்தி ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன், நீ ஒண்ணுதான் வரைஞ்சிருக்க" என்று சொல்லி, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று முகத்தை பல்பு பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குள் ஆர்மோனியம் இழுக்கிற சத்தம் கேட்டது. டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.